லேப்டாப்பில் லினக்ஸ், பிஎஸ்டி: திருநகர் திண்ணையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார நாளில் ஒரு கல்லூரி லேபில் வேலை. ஞாயிறு காலையில் மதுரைத் திருநகர் வீட்டுத் திண்ணைக்கு வந்தால் யாராவது லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லி லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உசிலம்பட்டியிலிருந்து ஒரு பிளஸ் டூ பையன், மேலூரிலிருந்து ஜெராக்ஸ் கடை அண்ணன், பக்கத்துத் தெரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். வருகிற ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒரே பதிலை இருபது தரம் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைக்கிறேன்.

யூனிக்ஸ், லினக்ஸ், பிஎஸ்டின்னு மாத்தி மாத்திச் சொல்றீங்களே, எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. மூன்றுமே விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் ஓஎஸ், அதாவது இயங்குதளம். யூனிக்ஸும் பிஎஸ்டியும் ஒரே வம்சம், பங்காளிகள். லினக்ஸ் சாயலில் மட்டும் சொந்தம். யூனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கியது. அதன் ஒரு கிளை கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்து, இன்று ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்று நிற்கிறது. லினக்ஸ் அந்த ரத்தமில்லை. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் யூனிக்ஸ் மாதிரியே நடந்துகொள்ளும் கெர்னலை, அதாவது ஓஎஸ்ஸின் உள்மையத்தை, தானாக எழுதினார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகள் அதோடு சேர்ந்தன. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். அதனால் "லினக்ஸா, நமக்கு வராதுப்பா" என்று சொல்லும்போது கையில் அதையே வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

என் லேப்டாப்புல ஓடுமா?

ஓடும். ஆனால் அது சரியான கேள்வி இல்லை. மேசை மேல் நிற்கும் டெஸ்க்டாப்பில் எதைப் போட்டாலும் ஓடிவிடும். லேப்டாப் அப்படியில்லை. மூடினால் தூங்க வேண்டும், திறந்தால் எழுந்திருக்க வேண்டும், வெளிச்சம் கூட்டும் கீ வேலை செய்ய வேண்டும், டச்பேட், வைஃபை, கேமரா, மைக், பேட்டரி அளவு எல்லாம் சரியாக வர வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி சரக்கு. பெட்டி மேல் போட்டிருக்கும் பேர் ஒன்று, உள்ளே உட்கார்ந்திருக்கும் சிப்பு வேறு. ஒரே மாடல் நம்பரில் ஒன்றில் இன்டெல் வைஃபை, இன்னொன்றில் ரியல்டெக் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் யார் வந்தாலும் நான் முதலில் ஓஎஸ் போடுவதில்லை. பென்டிரைவில் இருந்தே லைவாக ஓட்டச் சொல்வேன். ஹார்ட் டிஸ்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல் முழு சிஸ்டமும் ராமில் எழுந்து நிற்கும். அங்கேயே வைஃபையில் சேர்ந்து ஒரு பாட்டு கேளுங்கள். ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கர் நிற்கிறதா, மூடியை மூடி டீ குடித்துவிட்டு வந்து திறந்தால் எழுகிறதா, எழுந்த பிறகு வைஃபை மறுபடி வருகிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசி ஒன்றைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். போட்ட மறுநாள் "அண்ணே, மூடித் திறந்தா நெட் வரலண்ணே" என்று போன் வரும். லைவில் சரியாக வந்தது பெரும்பாலும் போட்ட பிறகும் வரும். லைவில் வராதது, போட்டால் வரும் என்று நம்பி இறங்காதீர்கள்.

கவர்ன்மென்ட் கொடுத்த லேப்டாப் பரண்ல கெடக்கு. அதுக்கு ஏதாவது வழி இருக்கா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தைத் தொடங்கினேன் என்று சொல்லலாம். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. மதுரை, தேனி, விருதுநகர் பக்கம் ஏதாவது ஒரு பரணில் அந்த லேப்டாப் இல்லாத தெருவே கிடையாது. மூடியில் அரசு முத்திரையும் முதலமைச்சர் படமும் இருக்கும். முத்திரையில் உள்ள கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூரா, நம்ம மீனாட்சியம்மன் கோயில் மேலக் கோபுரமா என்ற வழக்கு தனி. அதை இங்கே இழுக்கவில்லை.

பலருக்கு மறந்துபோன ஒன்று: அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து இந்திய மொழிகளுக்காகச் செய்தது அது. நான் பார்த்தவரை, பிள்ளைகள் அதை ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். மறு வாரம் ஏதாவது ஒரு கடையில் 200 ரூபாய் கொடுத்து ஃபார்மட் அடித்து, திருட்டு விண்டோஸும் நாற்பது படமும் ஏற்றிக்கொண்டு போனார்கள். லினக்ஸைக் கையில் கொடுத்தார்கள், அதை எதற்குப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவ்வளவுதான் குறை.

என் திண்ணைக்கு வரும் பழைய பெட்டிகளில் பெரும்பாலும் 2 ஜிபி ராம், சுற்றுகிற 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். பின்னால் வந்தவற்றில் 4 ஜிபி, 500 ஜிபி. செய்ய வேண்டியது இரண்டு. ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். 256 ஜிபி தாராளம். ராமை 4 அல்லது 8 ஆக்குங்கள். பழைய டிடிஆர்3 ராம்தான் வேண்டும். குறைந்த வோல்ட்டேஜில் ஓடும் டிடிஆர்3எல் கேட்கும் பெட்டியில் சாதா டிடிஆர்3 செருகினால் எழாது. உள்ளே இருப்பதைக் கழற்றி அதே ஸ்டிக்கரைக் கடையில் காட்டி வாங்குவது நல்லது. டிவிடி டிரைவ் இருந்தால் அதைக் கழற்றிய இடத்தில் கேடி என்ற டிஸ்க் தாங்கும் சட்டத்தைப் போட்டுப் பழைய ஹார்ட் டிஸ்கையும் வைத்துக்கொள்ளலாம்.

போன மாசம் பேரையூரிலிருந்து வந்த ஒன்று விண்டோஸில் எழ நாலு நிமிஷம் எடுத்தது. எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றிய பிறகு, அந்த அம்மா சேலை முந்தானையை ஒதுக்கி உட்காருவதற்குள் டெஸ்க்டாப் வந்துவிட்டது. "இது என் மகன் படிச்ச பெட்டிதானா தம்பி?" என்றார். வேகத்தில் முக்கால்வாசிப் புண்ணியம் எஸ்எஸ்டிக்குத்தான். ஆனால் 14 வயசான பெட்டியில் இன்றைய தேதி வரை பாதுகாப்பு அப்டேட் வருவதற்கு லினக்ஸ்தான் காரணம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் பெட்டிகளைத் தொடாது: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பு, இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை பிராசசர் என்று கேட்கும்.

எந்த டிஸ்ட்ரோ போடலாம்?

டிஸ்ட்ரோ என்றால் கெர்னலோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டித் தரும் லினக்ஸ் தொகுப்பு. எது நல்லது என்று கேட்டால் நாலு பேர் நாலு கட்சி கட்டுவார்கள். என் கட்சி இது. முதல் தடவை என்றால் லினக்ஸ் மின்ட். அதன் டெஸ்க்டாப் வகைகளில், 8 ஜிபி ராம் இருந்தால் சின்னமன், 4 ஜிபி என்றால் இன்னும் லேசான எக்ஸ்எஃப்சிஇ. தானாகவே கற்றுக்கொள்ள ஆசை உள்ள பிள்ளைகளுக்கு டெபியன். 1993-இலிருந்து இருக்கிறது, அவசரப்படாது, போட்டால் கிடக்கும். புத்தம்புது லேப்டாப் என்றால் ஃபெடோரா அல்லது உபுண்டுவின் புதிய வெளியீடு. புது ஹார்டுவேருக்குப் புதுக் கெர்னல் வேண்டும், டெபியனின் நிதானம் அங்கே உதவாது. 2 ஜிபியோடுதான் வாழ வேண்டும் என்றால் ஆன்டிஎக்ஸ் அல்லது லுபுண்டு. அதோடு ஸீராம் என்ற வசதியையும் ஓட விடுங்கள். ராமில் உள்ளதைச் சுருக்கி ராமிலேயே வைக்கும், கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனாலும் குரோமில் பத்து டேப் திறந்தால் எந்த லினக்ஸும் அழும்.

32 பிட் பிராசசர் என்றால் வாசல்கள் அடைந்துகொண்டே வருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் இன்டெலுக்கு இன்ஸ்டாலர் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஆன்டிஎக்ஸின் 23-ஆம் பதிப்பு 32 பிட்டுக்கும் உண்டு.

எல்லாவற்றையும் நாமே கையால் கட்ட வேண்டிய ஆர்ச்? கேட்பவர் ஆர்ச் போடலாமா என்று என்னிடம் கேட்கிற நிலையில் இருந்தால் வேண்டாம்.

ஐஎஸ்ஓ ஃபைல் 3 ஜிபி இருக்கு. என் நெட் பேக்கு ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான்.

ஐஎஸ்ஓ என்பது ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல். அதை விட்ட இடத்தில் தொடரும் டவுன்லோடு ஆப்பில் இரண்டு மூன்று நாளாக இறக்கலாம். டெபியனின் நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ ஒரு ஜிபிக்குள்தான், ஆனால் மீதியைப் போடும்போது இறக்கும். பென்டிரைவோடு வந்தால் நானே காப்பி பண்ணித் தருகிறேன், அதற்குத்தான் லேபில் ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். இறக்கிய பிறகு செக்சம், அதாவது ஃபைல் சேதமில்லாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண், பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் கெட்ட ஐஎஸ்ஓ, போடும்போது பாதியில் காலை வாரும். பென்டிரைவில் எழுத வென்டாய் போட்டுக்கொண்டால் நாலைந்து ஐஎஸ்ஓவை ஒரே டிரைவில் சும்மா காப்பி பண்ணி வைத்து, பூட் ஆகும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

பென்டிரைவைச் செருகினாலும் விண்டோஸ்தான் வருது.

ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். லெனோவா, டெல், ஏசரில் எஃப்12. ஹெச்பியில் எஃப்9, ஏசஸில் பெரும்பாலும் எஸ்கேப். லெனோவாவில் சிலவற்றின் ஓரத்தில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், ஊசியால் அதை அமுக்கினால் மெனு வரும். ஏசரில் எஃப்12 மெனுவே அணைந்திருக்கும், முதலில் எஃப்2 அமுக்கி பயாஸுக்குள், அதாவது ஓஎஸ்ஸுக்கு முன் எழும் செட்டிங்ஸ் திரைக்குள், போய் அதை ஆன் செய்ய வேண்டும். அங்கே செக்யூர் பூட் (முத்திரை இல்லாத ஓஎஸ்ஸை எழ விடாத காவல்) வரி மங்கலாக இருந்து மாற்ற விடாது. சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைத்தால் திறக்கும். அந்தப் பாஸ்வேர்டைப் பெட்டிக்கு அடியில் எழுதி ஒட்டுங்கள். மறந்துவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்தாச்சு.

மின்ட், உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எல்லாம் செக்யூர் பூட் ஆனில் இருந்தாலே எழும். அணைக்க அவசியமில்லை.

விலை மலிவாக வந்த 2 ஜிபி, 32 ஜிபி குட்டி லேப்டாப்புகளில் ஒரு விசித்திரம்: பிராசசர் 64 பிட், அதை எழுப்பும் யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) மட்டும் 32 பிட். பல ஐஎஸ்ஓக்கள் அதில் கண்ணே திறக்காது. டெபியன் திறக்கும்.

விண்டோஸும் இருக்கணும், லினக்ஸும் இருக்கணும். முடியுமா?

முடியும். என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சோழவந்தானில் என் தாய்மாமாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். நாலு வருஷக் கணக்கை எக்செலில் ஏற்றி வைத்திருந்தார். விண்டோஸோடு சேர்த்து லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று போனேன். வாசலில் கறிக்குழம்பு வாசனை, உள்ளே நான். பார்ட்டிஷன் திரையில் "டிஸ்கை முழுசாக அழித்துவிட்டுப் போடு" என்பது மேலே இருந்தது. விண்டோஸுக்குப் பக்கத்தில் போடுவதற்கான வரி வேறு. அடுத்து, அடுத்து என்று அமுக்கிக்கொண்டே போனேன். காப்பி எடுக்கவில்லை. பாதிக் கணக்குகூட மீளவில்லை. மாமா திட்டவில்லை. நோட்டுப் புத்தகம் தனியாக வைத்திருந்ததால் பிழைத்தேன். இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும், "என்ன மாப்ள, என் கணக்கைக் கண்டுபிடிச்சியா?" என்பார், பத்துப் பேர் முன்னால்.

ஆகவே முதலில் காப்பி. வேறு டிஸ்கில், கழற்றி எடுத்து பீரோவில் வைத்த பிறகு மற்றது.

அடுத்தது பிட்லாக்கர், விண்டோஸின் டிஸ்க் பூட்டு. விண்டோஸ் 11 பெட்டிகளில் பலவற்றில் நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். செக்யூர் பூட்டைத் தொட்டாலோ பூட் வரிசையை மாற்றினாலோ, மறுபடி விண்டோஸுக்குப் போகும்போது 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் அவன் மெயிலில் தொடங்கியதாக இருந்தால் போச்சு. வேலையைத் தொடங்கும் முன் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது குறியாக்கத்தை அணைத்துவிடுங்கள்.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணையுங்கள். அது ஷட்டவுன் மாதிரி நடிக்கும், உண்மையில் பாதித் தூக்கம்தான். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. டிரைவைச் சுருக்கி இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்யுங்கள். அதன் வீட்டை அதுவே சுருக்கிக்கொள்ளட்டும். லினக்ஸுக்கு 50 ஜிபி கொடுத்தால் சௌகரியம்.

இன்ஸ்டாலரில் டிஸ்கே தெரியவில்லையா? பயாஸில் சேமிப்பு இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி முறையில் இருக்கும். அதை ஏஹெச்சிஐ என்ற சாதா முறைக்கு மாற்ற வேண்டும். சும்மா மாற்றினால் விண்டோஸ் நீலத் திரை காட்டும். விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி வைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒரு தரம் எழுப்பி, பிறகு சாதாவாக எழுப்பினால் தானே பழகிக்கொள்ளும்.

கடைசியாகக் கடிகாரம். இரண்டையும் போட்ட மறுநாள் காலை 10 மணிக்கு விண்டோஸ் 4.30 என்று காட்டும். பேட்டரி செல் போய்விட்டது என்று கடையில் 150 ரூபாய்க்குச் செல் மாற்றியவர்களும் உண்டு. செல்லில் ஒன்றுமில்லை. லினக்ஸ் பெட்டியின் கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நம்பும். நமக்கும் கிரீன்விச்சுக்கும் ஐந்தரை மணி. லினக்ஸையும் உள்ளூர் நேரம் வைக்கச் சொல்ல ஒரே ஒரு கட்டளை போதும். நேரில் வந்தால் போட்டுத் தருகிறேன்.

வைஃபை வரல.

முதலில் பதற்றப்படாமல் போனைக் கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். டிரைவர், அதாவது சிப்பை ஓஎஸ்ஸோடு பேச வைக்கும் மென்பொருள், எதையும் தனியாக ஏற்றாமலே நெட் வந்துவிடும். அந்த நெட்டை வைத்து வைஃபைக்கு வேண்டியதை இறக்கலாம். பழைய ஹெச்பி, டெல் பெட்டிகளில் பிராட்காம் சிப்பு இருந்தால், மின்டிலும் உபுண்டுவிலும் டிரைவர் மேனேஜரைத் திறந்து டிக் அடித்தால் முடிந்தது. டெபியனில் முன்பு ஃபர்ம்வேரை (சிப்புக்குள்ளேயே ஓடும் சின்ன மென்பொருள்) தனியாகத் தேடி ஏற்ற வேண்டியிருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12-இலிருந்து இன்ஸ்டாலரிலேயே சேர்த்துத் தருகிறார்கள்.

எதுவும் ஆகவில்லை என்றால் கார்டை மாற்றுவதுதான் சுருக்கு வழி. இன்டெல் கார்டு போடுங்கள். ஆனால் பழைய லெனோவா, ஹெச்பி சிலவற்றில் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது. நடு ராத்திரி வரை டிரைவரோடு மல்லுக்கட்டுவதற்கு முன், ஓரத்தில் இருக்கும் வைஃபை ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், எனக்கே ஒரு ராத்திரி அப்படிப் போயிருக்கிறது.

கத்திரி வெயில்ல லேப்டாப் அனலா கொதிக்குது. லினக்ஸ் போட்டதாலயா?

சித்திரைத் திருவிழா சமயத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எதுதான் கொதிக்காது? முதலில் பெட்டியை மெத்தையிலிருந்து எடுத்துப் பலகையில் வையுங்கள். மூச்சு விடும் ஓட்டை அடியில்தான் இருக்கிறது. மூன்று வருஷம் ஆன பெட்டியில் ஃபேனுக்கும் செப்புத் துடுப்புக்கும் நடுவில் தூசி ஜமுக்காளம் மாதிரி படிந்திருக்கும். கழற்றித் தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றினாலே பாதிச் சூடு இறங்கும். இதில் ஓஎஸ்ஸுக்கு வேலையில்லை.

லினக்ஸ் தன் பங்குக்குச் சூடாக்கும் இடம் இரண்டு. ஒன்று, தனி என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள பெட்டியில் அது சும்மாவே விழித்திருப்பது. டிரைவர் போட்டு, இன்டெலை மட்டும் பயன்படுத்தும்படி வைத்துவிடுங்கள். இரண்டு, பிரவுசரில் வீடியோவை கிராஃபிக்ஸ் சிப்புக்குக் கொடுக்காமல் பிராசசரே பிரிப்பது. பேட்டரி நிற்க டிஎல்பி என்ற கருவி நல்லது, போட்டுவிட்டு மறந்துவிடலாம். திங்க்பேடிலும் வேறு சில பெட்டிகளிலும் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லலாம். நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கும் பெட்டிக்கு, அதுவும் நம்ம வெயிலில், இது பேட்டரியின் ஆயுளைக் கூட்டும். டச்பேட் திடீரென்று கல் மாதிரி அமுங்க மறுத்தால் அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம். அன்றைக்கே நிறுத்திக் கழற்றுங்கள். குத்தாதீர்கள், அமுக்காதீர்கள்.

பேட்டரி செத்துப்போய் நேராகக் கரண்டில் ஓடும் பெட்டிகளும் வரும். மாசம் ஒரு நாள் மின்வாரியப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை எடுத்தால் அப்படியே விழும். ஃபைல் சிஸ்டம் பெரும்பாலும் தன்னையே சரிசெய்துகொண்டு எழுந்துவிடும். ஓஎஸ் போட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும் போகக் கூடாது. அறிவிப்பைப் பார்த்து நாள் குறியுங்கள்.

மூடிப் பையில வைச்சேன். வீட்டுக்கு வந்து பார்த்தா அடுப்பு மாதிரி இருக்கு, சார்ஜும் தீர்ந்துருச்சு.

தூக்கத்தில் இரண்டு வகை. பழைய எஸ்3 தூக்கத்தில் ராம் தவிர எல்லாம் அணையும். புதிய பெட்டிகளில் போன் மாதிரி அரைக்கண் மூடும் வகைதான் உண்டு, அதில் ஏதோ ஒரு சிப்பு விழித்துக்கொண்டே இருந்தால் பைக்குள் வெந்துபோகும். சில திங்க்பேடுகளின் பயாஸில் தூக்க வகை என்ற வரியில் "லினக்ஸ்" என்றே ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டால் பழைய தூக்கம் வரும். இல்லாவிட்டால் ஹைபர்னேட், அதாவது ராமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுசாக அணைவது. அதற்கு ராம் அளவுக்கு ஸ்வாப் என்ற இடம் டிஸ்கில் வேண்டும், உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால் அது வேலை செய்யாது. ஆரப்பாளையத்திலிருந்து பெரியகுளம் வரை பஸ்ஸில் போகிறவர் ஷட்டவுன் பண்ணிவிடுங்கள். எஸ்எஸ்டி இருந்தால் மறுபடி எழ அரை நிமிஷம்.

தமிழ்ல டைப் அடிக்க முடியுமா?

விண்டோஸைவிடச் சுகமாக. மொழிகளைத் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ், அதோடு தட்டச்சு முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பு, இரண்டையும் போடுங்கள். பட்டியலில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு முறை எல்லாம் வரும்.

ஒரு பொறி உண்டு. செட்டிங்ஸில் கீபோர்டு லேஅவுட் என்ற இடத்திலும் தமிழ்99 என்ற பேரில் ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டு "புள்ளி வரலண்ணே, ஒட்டலண்ணே" என்று வருவார்கள். அது ஒரு கீக்கு ஒரு எழுத்து என்று மட்டும் அறிந்த ஊமை அட்டவணை. எம்17என் வழியாக வருவதுதான் தமிழ்99-இன் புத்தியோடு இருப்பது. "மதுரை" வேண்டுமா, ம, த, உ, ர, ஐ என்று ஐந்து தட்டு. "அம்மா" வேண்டுமா, அ, ம, ம, ஆ. ஒரே மெய் இரண்டு தரம் வந்தால் முதலாவதில் புள்ளியைத் தானே வைக்கும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற முறை இது. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் பத்தே நாளில் பழகிவிட்டார், வயது 71. ஷிஃப்ட் அமுக்கும் வேலை குறைவு என்பதால் விரல் வலிக்கவில்லையாம்.

பழைய ஃபைல்கள்தான் தலைவலி. பாமினி, வானவில் காலத்து எழுத்துருவில் அடித்தவை திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அந்த எழுத்துரு ஃபைலை வீட்டு ஃபோல்டருக்குள் எழுத்துருக்களுக்கான இடத்தில் போட்டால் படிக்கலாம், அச்செடுக்கலாம். ஆனால் தேட முடியாது. யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுவதுதான் நிரந்தர வைத்தியம். லதா எழுத்துருவில் அடித்த கடிதம் லினக்ஸில் வரி மாறி விழுந்தால் பயப்பட வேண்டாம். லதா மைக்ரோசாஃப்டின் சொத்து, அது இல்லாததால் நோட்டோ அல்லது லோஹித் வந்து உட்கார்ந்திருக்கும். அனுப்பும்போது பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) தமிழ் கொம்பும் காலும் பிரிந்துதான் தெரியும். கேடிஇ என்ற டெஸ்க்டாப்பின் டெர்மினலான கான்சோல் பரவாயில்லை.

எம்எஸ் ஆபீஸ் இல்லாம எப்படி?

லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. நீங்கள் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவரா? ஸ்டார் ஆபீஸ் ஞாபகம் இருக்கும். அதன் பேரன்தான் இது: ஸ்டார் ஆபீஸை 1999-இல் சன் நிறுவனம் வாங்கியது, அதிலிருந்து ஓபன் ஆபீஸ் பிறந்தது, அதிலிருந்து 2010-இல் லிப்ரே ஆபீஸ் பிரிந்தது. பதினொன்றாம் வகுப்பு கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் புத்தகத்திலும் ஓபன் ஆபீஸ் வந்தது. மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைகள்) நிறைந்த எக்செல் ஃபைல் மட்டும் மல்லுக்கு நிற்கும்.

மேலூர்ல ஜெராக்ஸ் கடை வைச்சிருக்கேன். என் பிரிண்டர் வருமா?

என்ன பிரிண்டர் அண்ணே? ஹெச்பி என்றால் அதன் லினக்ஸ் டிரைவரான ஹெச்பிலிப் போட்டால் வரும். லேசர்ஜெட் 1020 என்றால் ஒரு கூடுதல் பிளகின் வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது, ஒவ்வொரு தரம் ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதற்குள் ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும். எப்சன் இங்க் டேங்க் சாதுவாக வரும். கேனன் எல்பிபி 2900 வைத்திருக்கிறீர்கள் என்றால் உட்காருங்கள், டீ சொல்கிறேன். பாதி ஜெராக்ஸ் கடையில் அதுதான் நிற்கிறது, லினக்ஸோடு மிகவும் முரண்டு பிடிப்பதும் அதுதான். கேப்ட் என்று தனக்கென்று ஒரு பாஷை பேசும். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து வரவைத்திருக்கிறேன், அடுத்த பெரிய அப்டேட்டில் போய்விட்டது. பிழைப்பு அந்தப் பிரிண்டரில் என்றால் அந்த ஒரு மெஷினில் விண்டோஸே இருக்கட்டும். இதைச் சொன்னதற்காக என்னிடம் கோபித்துக்கொண்ட லினக்ஸ் நண்பர்கள் உண்டு. அவர்களுக்குக் கடை வாடகை இல்லை.

டேலி?

நேரடியாக ஓடாது. லினக்ஸுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் விண்டோஸை வைத்து ஓட்டலாம், 8 ஜிபி ராம் வேண்டும். ஆடிட்டர் ஆபீஸ் என்றால் வேண்டாத வேலை.

வைரஸ் வராதா?

பென்டிரைவ் வழியாகப் பரவும் வழக்கமான விண்டோஸ் வைரஸ் இதில் ஓடாது. ஆனால் "உங்க கரண்ட் கனெக்‌ஷன் இன்னைக்கு ராத்திரி கட்" என்று வரும் மெசேஜின் லிங்கைத் தொட்டு ஓடிபி சொன்னால் எந்த ஓஎஸ்ஸும் காப்பாற்றாது.

நான் பிஎஸ்டி போட்டுப் பார்க்கலாமா?

இப்படிக் கேட்பவர் வருஷத்துக்கு ஒருத்தர்தான் வருவார். வந்தால் எனக்குச் சந்தோஷம், மத்தியானச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவேன்.

லேப்டாப் என்றால் என் கை முதலில் ஓபன்பிஎஸ்டிக்குத்தான் போகும். அதை எழுதுகிறவர்களே அதை லேப்டாப்பில் வைத்து, குறிப்பாகத் திங்க்பேடில், தினசரி வேலை செய்கிறார்கள். அதனால் மூடினால் தூங்கும், திறந்தால் எழும். ஆறு மாசத்துக்கு ஒரு வெளியீடு. கையேட்டுப் பக்கங்கள் அவ்வளவு சுத்தம், யாரையும் கேட்காமலே படித்துப் போட்டுவிடலாம். ஆனால் புளூடூத் கிடையாது, 2014-இலேயே அதற்கான நிரலைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். கேமராவும் மைக்கும் நீங்களாக அனுமதி கொடுக்கும்வரை வெறும் இருட்டும் மௌனமும்தான் பதிவு செய்யும். பழுது என்று நினைத்து ஒரு மணி நேரம் தேடாதீர்கள், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். வைஃபை ஃபர்ம்வேரை நெட்டில் இருந்து இறக்குவதால் முதல் நாள் லேன் கேபிளோ போன் டெதரிங்கோ வேண்டும். என்விடியா கிராஃபிக்ஸ் மட்டும் உள்ள பெட்டி என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

ஃப்ரீபிஎஸ்டியில் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் கிடைக்கும். அப்டேட்டுக்கு முன் ஒரு பூட் சூழலைப் பதிந்துகொண்டு, கெட்டால் மறுபடி பழையதற்கே திரும்பிப் போகலாம். அந்தச் சுகத்தை அனுபவித்தவர் விடமாட்டார். வைஃபைதான் வெகுகாலமாக அதன் நோஞ்சான் பிள்ளை, இன்டெல் கார்டு இருந்தால் இப்போது தேறி வருகிறது. எல்லாம் தானாக வர வேண்டும் என்றால் அதன் மேல் கட்டிய கோஸ்ட்பிஎஸ்டி பாருங்கள். இரண்டாவது லேப்டாப்பில் போடுங்கள். வேலைக்குப் போகும் லேப்டாப்பில் வேண்டாம்.

இதுக்கு எவ்வளவு வாங்குவீங்க?

ஒன்றும் வேண்டாம். எஸ்எஸ்டியும் ராமும் டவுன்ஹால் ரோட்டிலோ ஆன்லைனிலோ நீங்களே வாங்கி, பில்லோடு கொண்டு வாருங்கள். காலை 9 மணிக்குமேல் வரலாம், சித்திரைத் திருவிழா வாரத்தில் இருக்கமாட்டேன். சார்ஜரை மறக்காமல் எடுத்து வாருங்கள். லேப்டாப்பை மட்டும் கொண்டுவந்து, சார்ஜருக்காகத் திருமங்கலம் வரை திரும்பிப் போனவர்கள் இதுவரை ஆறு பேர்.